பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்

எனக்கு வயது முப்பத்தொன்று. பணி ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. இதைச் சொன்னால் எங்கள் பாத்திரக்கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். அப்பா சிரிப்பதில்லை. "அவ வேல அப்படி" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தட்டிக் காட்டப் போய்விடுவார்.

உண்மைதான், வேலை அப்படி. கைபேசியில் ஆடுகிற ஆட்டங்களை வெளியிடுவதற்கு முன்னால் ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் தொழில். டெஸ்ட்டர் என்பார்கள். அதிலும் எனக்கு வாய்த்தது, கண்ணிமைக்கிற நேரத்துக்குள் மூன்று முடிவு எடுக்கவேண்டிய விண்வெளிச் சண்டை ஆட்டம். வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. "இந்த ஒரு விரலுக்கு மட்டும் அறுபது வயசாயிட்டும்மா, மத்ததெல்லாம் நல்லாருக்கு" என்றார் டாக்டர். மற்ற ஒன்பது விரல்களை வைத்துக்கொண்டு இப்போது ஆட்டங்களுக்கு ஒலி அமைக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். சும்மா இருக்க எனக்கு வராது.

போன வாரம் ஆதிரா கூப்பிட்டாள். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். மேலநீலிதநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள்.

"ராணிக்கா, ஒரு சந்தேகம். டெஸ்ட் ரூம் மேசைய ஒழிச்சிட்டிருக்கோம். பாட் வந்துட்டுல்லா, அந்தக் கம்ப்யூட்டருக்கு இடம் வேணும். பவுடர் டப்பா பக்கத்துல எப்பவும் ஒரு டம்ளர் தண்ணி இருக்கணும்னு செவுத்துல எழுதிப் போட்டிருக்கு. இது எதுக்கு, சாமிக்கா?"

"சாமிக்கு இல்லட்டி, கைக்கு."

"கை கழுவுததுக்கா? அதுக்குத்தான் வெளிய குழா இருக்கே."

"எடுத்துராத. எழுதி அனுப்புதேன்."

பாட் என்பது தானாகவே ஆட்டத்தை ஆடிப் பார்க்கும் மென்பொருள். நாங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து ஆடுவதை அது ஒரே ராத்திரியில் ஆடி முடித்து, எங்கே தடுக்கி விழுந்தது என்று காலையில் சொல்லிவிடும். நான் அதற்கு எதிரி இல்லை. என் காலத்திலேயே அது வந்திருந்தால் என் மூட்டு பிழைத்திருக்கும். ஆனால் டம்ளரை எடுக்கக் கூடாது. அது ஏன் என்பதை ஆதிராவுக்காகவும், அவளுக்குப் பின்னால் அந்த மேசைக்கு வருகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி. நான் சேர்ந்தபோது ஒரு கையால் எண்ணிவிடக்கூடிய ஆட்கள்தான் இருந்தோம். எங்கள் ஆட்டத்தின் பெயர் செந்தும்பி. சிவப்புத் தும்பி வடிவத்தில் ஒரு விண்கலம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பாறைகள் மிதக்கிற வெளியில் அது பறக்கும். எதிரே இயந்திரப் பூச்சிகள் திரண்டு வரும். மழை விட்ட சாயங்காலம் டியூப்லைட்டை மொய்க்கிற மாதிரி வருவதால் நாங்கள் அவற்றை ஈசல் என்றே சொன்னோம். இடது கட்டைவிரல் கலத்தை ஓட்டும். வலது கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருக்கிறவரை குண்டு பாயும். வலது பக்கத்தில் இரண்டு விரலை ஒருசேர வைத்தால் கலம் தாவும். ஒரு கீற்று வெளிச்சம்தான் தெரியும், கலம் பாதித் திரை தாண்டி முன்னால் நிற்கும். ஈசல் கூட்டத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்து திரும்பிச் சுடலாம். ஒருமுறை தாவிப் பார்த்தவர்கள் போனைக் கீழே வைக்கமாட்டார்கள்.

அந்தத் தாவல் செல்வின் செய்தது. செல்வின் எங்கள் புரோகிராமர், கல்லூரியில் என் வகுப்பு. கடைசி வருடத்துப் பிராஜெக்டிலேயே தாவலைச் செய்து வைத்திருந்தான். அதைச் சுற்றித்தான் மற்ற ஆட்டமெல்லாம் கட்டப்பட்டது.

முதல் மாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெயிப்பதற்காக ஆடுவதை மறக்கவேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. சுவரில் முட்டு. சண்டை உச்சத்தில் இருக்கும்போது யாரையாவது கூப்பிடச் சொல். சார்ஜரைப் பிடுங்கு. போனைத் தலைகீழாகத் திருப்பு. "கேம் ஆடுததுக்குச் சம்பளமா? அப்ப உன் தம்பிக்குக் கம்பெனி பாக்கி வச்சிருக்கு" என்றார் அப்பா. தோற்றுக்கொண்டே இருப்பதற்குத்தான் சம்பளம் என்று சொன்ன பிறகு, சரி, அதுவும் ஒரு வேலை என்று ஒத்துக்கொண்டார்.

டெஸ்ட் ரூமுக்குப் பொறுப்பு லிங்கம் அண்ணாச்சி. என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர், முன்பு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். குரலை உயர்த்த மாட்டார். பாராட்டவும் மாட்டார். நாம் பதறிக்கொண்டு ஓடிப்போய் "அண்ணாச்சி, ஒண்ணு மாட்டிக்கிட்டு" என்றால், நம் முகத்தைப் பார்க்காமல் உள்ளங்கையை மட்டும் நீட்டுவார். போனை அதில் வைக்கவேண்டும். கண்ணாடி துடைக்கிற துணியால் திரையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, ஒரே கேள்வி கேட்பார்.

"திரும்ப வருமா?"

அவர் முன்னால் திரும்ப வரவைக்கவேண்டும். ஒரே போனில் வந்தால் போதாது, மேசையில் இருக்கிற வேறு போனிலும் வரவேண்டும். வந்தால்தான் அது குறை. வராவிட்டால் அது நம் வாய்ப்பேச்சு.

ஆட்டம் தொடங்குவதற்கு என்று ஒரு முறை இருந்தது. எல்லாப் போனும் ஒரே அளவு சார்ஜில் இருக்கவேண்டும். திரையைத் துடைக்கவேண்டும். கையைக் கழுவிக் காயவைத்து, இரண்டு கட்டைவிரலிலும் பவுடர் தொட்டு, மிச்சத்தை ஊதிவிட வேண்டும். போன் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. ஏஸி ஓடும். எட்டிப் பார்க்கிறவர்களுக்கு, வாசனையாக உட்கார்ந்து கேம் ஆடுகிறோம் என்று தோன்றும். ஜவுளிக்கடைக்காரர் வாடகை வாங்க வந்தால், "என்ன, எல்லாரும் பொண்ணு பாக்கக் கெளம்பியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

நான் நன்றாக ஆடுவேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஈசல் கூட்டங்களுக்கெல்லாம் கடைசியாக வருகிற ஈசல் ராணி சாகிற அதே நொடியில் போன் வந்தால் அவள் இரண்டு தடவை செத்து இரண்டு மடங்கு புள்ளி தருகிறாள் என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். "ராணி சாவ ராணிதான் கண்டுபிடிக்கணும்" என்றான் செல்வின். அண்ணாச்சி முன்னால் திரும்பத் திரும்பக் கொன்று காட்டினேன். "எழுது" என்றார். அவரிடமிருந்து அந்த ஒரு சொல் வந்தால் அன்றைக்கு வீட்டுக்கு நடக்கிற நடையே வேறு.

இப்போது அந்தக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

செந்தும்பியை வெளியிட பெங்களூரில் ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டிருந்தது. ஊருக்குள் சும்மா கொஞ்சம் பேரிடம் கொடுத்து ஆடவிட்டுப் பார்த்தார்கள். வந்த புகார்களில் ஒன்று மட்டும் நிற்கவே இல்லை. ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: கலம் தானாகப் போய்ப் பாறையில் முட்டுகிறது. தாவச் சொல்லவே இல்லை, தாவுகிறது.

நாங்கள் ஆடினோம். காலையில் ஆடினோம், மத்தியானம் ஆடினோம். புதுப் போன், பழைய போன், விலை குறைந்த போன், விரிசல் விட்ட போன். ஒரு தடவைகூட வரவில்லை.

"கை தெரியாதவன் ஆடுதான், செத்துப்போனா கப்பல் மேல பழியப் போடுதான்" என்றான் செல்வின்.

"இத்தன பேருமா கை தெரியாதவன்?"

"ஆமா. ஊரு பெருசுல்லா."

சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு திங்கட்கிழமையோடு சரி. அன்று பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வீடியோ காலில் வந்தார். நல்ல மரியாதையான மேடம். தாவல் எங்களுக்கும் பிடிக்கும், ஆனால் தானாகச் சாகிற ஆட்டத்தை வெளியிட முடியாது, வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் தாவலை எடுத்துவிட்டு வெளியிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

தாவலை எடுத்தால் செந்தும்பி கடையில் கிடைக்கிற நூறு ஆட்டத்தில் ஒன்று. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். செல்வின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"எடுத்துட்டா எம் பேரையும் எடுத்துருங்க அண்ணாச்சி. நான் சென்னைக்குப் போயிருதேன்."

"இரு வே. இன்னும் வெள்ளிக்கிழம வரல."

"என்னத்தச் செய்ய? வரமாட்டேங்கு. நாமளும் எவ்வளவோ ஆடிப் பாத்தாச்சு. அப்படி ஒண்ணு வரவே இல்ல."

அண்ணாச்சி துணியை மடித்து வைத்தார். "வரலன்னு சொல்லாத. நமக்கு வரலன்னு சொல்லு."

அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஏதோ சூட்சுமம் வைத்துச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் எப்படி எழுதவேண்டும் என்று திருத்தினார், அவ்வளவுதான். எனக்குத்தான் அது காதில் நின்றுவிட்டது. நமக்கு வரவில்லை. அவர்களுக்கு வருகிறது. அவர்கள் எங்கே உட்கார்ந்து ஆடுகிறார்கள்? ஏஸி ரூமிலா?

டெஸ்ட் போன் வெளியே போகக் கூடாது. என் சொந்தப் போனுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அதில் ஆட்டத்தை ஏற்றிக்கொண்டு, மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வெயில் தகரக் கூரையைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. புளியங்குடி பஸ் கிளம்பாமல் நின்றது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஆடினேன்.

இரண்டாவது ஈசல் கூட்டம் வந்துகொண்டிருக்கும்போதே கலம் தாவியது. நான் தாவவில்லை. பாறை, வெடி, முடிந்தது.

மோதிர விரல் பட்டிருக்கும் என்று நினைத்தேன். மற்ற விரல்களை எல்லாம் மடக்கிக்கொண்டு மறுபடியும் ஆடினேன். மறுபடியும் தாவிச் செத்தேன். வாழ்க்கையில் செத்துப்போய் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மூன்றாவது ஆட்டம் ஆரம்பித்தேன். வரவில்லை. கலம் சொன்ன பேச்சைக் கேட்டது. கடைசிவரை வரவில்லை. அடுத்த ஆட்டத்தில், கழுத்திலிருந்து கைவரைக்கும் வேர்த்து வடிகிறபோது, மறுபடியும் வந்தது.

துடைத்தால் வரவில்லை. வேர்த்தால் வருகிறது.

இதற்குள் பஸ் கிளம்பி ஊரைத் தாண்டிவிட்டிருந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்க போணும்?"

"எங்கயும் இல்ல அண்ணாச்சி. கேம் ஆடுததுக்கு ஏறுனேன்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "அப்ப புளியங்குடிவரைக்கும் ஆடு. எறங்கி அந்தப் பக்கத்துல நின்னா திரும்பி வாரதுக்கும் வண்டி உண்டு, அதுலயும் ஆடலாம்."

போகும்போது டிக்கெட், வரும்போது டிக்கெட். இரண்டு வழியிலும் ஆடினேன். புளியங்குடியில் இறங்கி ஒரு சோடா வாங்கி, குளிர்ந்த பாட்டிலைப் பிடித்த கையோடு ஆடிப் பார்த்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை, விரலை வைத்தாலே போனுக்குத் தெரியவில்லை. சொட்டு நின்று, தோலில் லேசாக ஈரம் ஒட்டியிருக்கிற நேரத்தில்தான் கலம் தாவியது. செல்வினுக்குப் போன் பண்ணினேன்.

"ஏல, வருது."

"எங்கன?"

"புளியங்குடில."

"கேம்ல எங்கன வருதுன்னு கேட்டேன் தாயே."

"எல்லா எடத்துலயும் வருது. கூட்டம் கூட்டமா வருது. அண்ணாச்சிய வீட்டுக்குப் போவாம இருக்கச் சொல்லு."

மாடிப்படியில் ஏறும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். அண்ணாச்சி உள்ளங்கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார். பவுடர் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"காட்டு."

பழக்கம் என்பது எவ்வளவு வலுவானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். பஸ்ஸில் கண்டுபிடித்துக்கொண்டு வந்தவள் நான். நானும் கட்டைவிரலை டப்பாவுக்குள் விட்டு, ஊதிவிட்டு, ஆட உட்கார்ந்துவிட்டேன். வரவில்லை. இன்னொரு ஆட்டம். வரவில்லை. செல்வின் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

அப்போதுதான் என் விரல் எனக்கே கண்ணில் பட்டது. வெள்ளையாக இருந்தது.

"அண்ணாச்சி, தொடைக்காம, பவுடர் போடாம ஆடணும்."

"ஏன்?"

"நாம தொடச்சு தொடச்சு அத அழிச்சிட்டு இருக்கோம்."

அண்ணாச்சி டப்பாவையே பார்த்தார். அவர் யோசிக்கும்போது தாடையைத் தேய்ப்பார். நெடுநேரம் தேய்த்தார்.

"ஏஸி போடுததுக்கு முந்தி நாம ஆடுனோம்லா" என்றார் மெல்ல. "அப்ப சின்னாபின்னமா வரும். கப்பல் குதிக்கும், அங்கிட்டு இங்கிட்டுப் போவும். கை வழுக்குது, அதான் இப்படின்னு நான்தான் பவுடர் வாங்கிட்டு வந்தேன். அதுக்கப்புறம் வரல."

அந்தக் குறை பெங்களூருக்கோ புளியங்குடிக்கோ போவதற்கு முன்னால் எங்கள் மேசைக்குத்தான் வந்திருக்கிறது. அதைக் கை செய்த தப்பு என்று நினைத்து, பவுடர் பூசி உட்காரவைத்துவிட்டோம். வெளியே இருக்கிறவர்கள் யாரும் பவுடர் போட்டுக்கொண்டு ஆடவில்லை.

இன்னொருவராக இருந்தால் அங்கே ஒரு விளக்கம் சொல்லியிருப்பார். லிங்கம் அண்ணாச்சி எழுந்து வெளியே குழாயடிக்குப் போனார். கையை நனைத்து, உதறி, கொஞ்சம் காயவிட்டு வந்தார். அவர் நன்றாக ஆடமாட்டார், முதல் கூட்டத்திலேயே திணறுவார். டெஸ்ட் போன் ஒன்றை எடுத்து, துடைக்காமல், உட்கார்ந்தார். கலம் தாவிப் பாறையில் போய் வெடித்தது.

"திரும்ப வருமா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

வந்தது. வேறு போனை எடுத்தார். அதிலும் வந்தது. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் நான் சிரிப்பைப் பார்த்தேன், அதுவும் செத்துப்போன கலத்தைப் பார்த்து.

"செல்வினு, இங்க வா வே. உன் தாவல் யோக்கியமாத்தான் இருக்கு. ஈரக் கைய வச்சா ஒரு விரல ரெண்டு விரலுன்னு போன் பொய் சொல்லுது. அத நம்பிக் கப்பல் தாவுது. பொய்யா நிசமான்னு பாக்க வழி உண்டுமா?"

செல்வின் இரண்டு கட்டைவிரல்களையும் ஒட்டி வைத்துப் பார்த்தான். "ரெண்டு விரலு இவ்வளவு ஒட்டுனாப்ல இருக்க முடியாது அண்ணாச்சி. ஒரு விரல் அகலத்தவிடக் கிட்டக்க இருந்தா, அது ஒரே விரலுதான்னு வச்சிருலாம்."

"பெறவு என்ன, வை."

வைத்தான். அதிக நேரம் ஆகவில்லை. குறையைக் கண்டுபிடிக்க எடுத்த நேரத்தில் ஒரு துளிகூட அதைச் சரிசெய்ய ஆகாது என்பது இந்தத் தொழிலின் வழக்கமான வேடிக்கை. அன்றைக்கும் மறுநாளும் நாங்கள் எல்லாரும் ஈரக் கையோடு ஆடினோம். நான் என் மூட்டு வலியை முதன்முதலாக உணர்ந்தது அந்த இரண்டு நாட்களில்தான். நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை மேடம் திரைக்கு வந்தார். பழைய ஆட்டம் ஒரு போனில், திருத்தியது ஒரு போனில். நடுவே ஒரு டம்ளர் தண்ணீர். நான் கையை நனைத்து, உதறி, பழையதில் செத்துக் காட்டினேன். அதே கையோடு புதியதில் ஈசல் ராணிவரைக்கும் போனேன். தாவச் சொன்னபோது தாவியது, சொல்லாதபோது தாவவில்லை.

மேடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். "இது ஏன் உங்க ரூம்ல முதல்லயே தெரியல?"

செல்வின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாங்க கைக்குப் பவுடர் போட்டு ஆடுனோம் மேடம். ஆடுதவங்க போடல."

மேடம் சிரித்தார். பெங்களூரில் அவர்களுடைய டெஸ்ட்டர்கள் வழுக்காமல் இருக்கக் கட்டைவிரலுக்குத் துணி உறை மாட்டிக்கொண்டு ஆடுகிறார்களாம். அதனால்தான் அங்கேயும் வரவில்லை. அன்றைக்கே எல்லாரையும் உறையைக் கழற்றிவிட்டு ஆடச் சொல்லப் போவதாகச் சொன்னார். தாவல் இருக்கட்டும் என்றார்.

செல்வின் சென்னைக்குப் போகவில்லை. ஜவுளிக்கடைக்காரர் கீழிருந்து, "மேல என்னவே சத்தம், வாடகைய ஏத்திருவேன்" என்றார்.

சனிக்கிழமை காலை நான் போனபோது டம்ளர் மேசையிலேயே இருந்தது, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில். சுவரில் அண்ணாச்சியின் கையெழுத்து: எந்த ஆட்டமும் காய்ந்த கையாலும் ஆடவேண்டும், ஈரக் கையாலும் ஆடவேண்டும், டம்ளரில் தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும். பவுடரை அவர் தூக்கிப் போடவில்லை. பவுடர் போட்டு ஆடினால் மட்டும் தெரிகிற குறைகளும் உண்டு என்பது அவருடைய கணக்கு.

இவ்வளவையும் எழுதி ஆதிராவுக்கு அனுப்பினேன். கூடவே ஒன்று கேட்டேன். பாட் பாஸ் போட்ட புது ஆட்டத்தை ஈரக் கையால் ஆடிப் பார்த்தாயா? ஈசல் ராணியின் இரட்டைச் சாவை அது ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும், என்னைவிட வேகம். ஆனால் அதற்கு வேர்க்காது.

சாயங்காலம் பதில் வந்தது.

"நனைச்சுப் பாத்தேன் அக்கா. தொடச்சும் பாத்தேன். ஒண்ணும் வரல."

நான் எழுதினேன்: "உனக்கு வரல."

கோபப்பட்டுவிடுவாளோ என்று இன்னொரு வரி தட்டப் போனேன். அதற்குள் போன் அதிர்ந்தது.

"சரி அக்கா. நாளைக்கு மத்தியானம் புளியங்குடி பஸ் எப்போ எடுப்பான்?"